நிலக்கரி நாட்டில் ஒரு வறுமைக் கணக்கு

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தின் தென்கோடியில், அப்பலாச்சிய மலைத்தொடரின் மடிப்புகளுக்குள் ஒடுங்கிக் கிடக்கும் மக்டவல் கவுண்டியில், 1950-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கெடுப்பின்போது 98,887 பேர் வசித்தனர். 2020-ஆம் ஆண்டில் அதே எல்லைக்குள் எஞ்சியிருந்தவர் 19,111 பேர். யுத்தம் நிகழாமல், பஞ்சமோ கொள்ளைநோயோ பீடிக்காமல், செல்வச் செழிப்பில் உலகுக்கே முன்னிற்கும் தேசத்தின் நடுவே, எழுபதாண்டுக் காலத்திற்குள் ஒரு நிலப்பகுதி தன் மக்களில் ஐந்தில் நான்கு பங்கை இழந்துவிட்டதென்றால், அங்கே என்ன நேர்ந்தது என்ற கேள்வியும், எஞ்சியிருப்போருக்கு என்ன வேண்டும் என்ற கேள்வியும் ஒன்றையொன்று பிரியாதவை என்பது எவருக்கும் விளங்கும். ஆயினும் அரசாங்கங்களும் தரும ஸ்தாபனங்களும் இரண்டாவது கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்டு வந்திருக்கின்றன. முதற் கேள்வியைக் கேட்கத் துணிந்தவர்கள் மிகச் சிலர்.

மாநிலத்துக்கு அடுத்தபடியாக அமைந்து, தனக்கென ஒரு நீதிமன்றமும், வரிப் பதிவேடும், பள்ளி வாரியமும் உடைய ஆட்சிப் பிரிவே அங்கே கவுண்டி எனப்படுகிறது. நம்முடைய மாவட்டத்தின் ஸ்தானத்தில் இருப்பது, ஆயினும் பெரும்பாலும் அளவிற் சிறியது. மக்டவல் கவுண்டிக்குத் தலைநகர் வெல்ச். இங்கே வசிப்போரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் மத்திய அரசாங்கம் வகுத்த வறுமைக் கோட்டுக்குக் கீழே ஜீவனம் நடத்துகிறார். குழந்தைகளை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் அந்த விகிதம் இன்னும் கூடுகிறது. ஏழை மக்களின் முன்னேற்றத்துக்கென மத்திய அரசாங்கம் அளிக்கும் சமூக சேவை மானியத்தைப் பெறுகிற ஸ்தாபனங்கள் அந்நாட்டில் சுமார் ஆயிரம் உள்ளன. அவை ஒவ்வொன்றும் மூன்றாண்டுக்கு ஒரு முறையேனும், தன் எல்லைக்குட்பட்ட ஏழைகளின் தேவைகளை விசாரித்தறிந்து அறிக்கை எழுதியாக வேண்டும் என்பது விதி. அந்த விசாரணை எவ்விதம் நடைபெறுகிறது, எவ்விதம் நடைபெற்றால் பயன் தரும் என்பதை ஆராய மக்டவலைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை. அமெரிக்க வறுமை ஒழிப்பு முயற்சிகளில் முக்கியமானவை பலவும் ஏதேனும் ஒரு கட்டத்தில் இந்த மலைப் பாதைகளின் வழியே சென்றிருக்கின்றன.

கம்பெனி இட்ட ஊர்கள்

1880-களின் பிற்பகுதியில் நார்போக் அண்ட் வெஸ்டர்ன் ரயில் பாதை இம்மலைகளுக்குள் நுழையும் வரையில், காடு திருத்திச் சோளம் விளைவித்துக்கொண்டிருந்த சில ஆயிரம் குடியானவர்களே இங்கு வசித்தார்கள். ரயிலுக்குப் பின்னால் சுரங்கங்கள் வந்தன. போகஹான்டஸ் என்று பெயர் பெற்ற இப்பிரதேசத்து நிலக்கரி, புகை குறைந்தும் வெப்பம் மிகுந்தும் எரியக்கூடியதாகையால், கப்பற் படையாரும் எஃகு உலை முதலாளிகளும் அதனை விரும்பி வாங்கினார்கள். தென் மாநிலங்களின் பருத்தி நிலங்களிலிருந்து கறுப்பின மக்களும், கடல் கடந்து இத்தாலியர், ஹங்கேரியர், போலந்து நாட்டினர் முதலியோரும் கூட்டங் கூட்டமாக வந்து சேர்ந்தனர். முதல் உலக யுத்தத்தில் பணி புரிந்த கறுப்பினச் சிப்பாய்களின் நினைவாக அமெரிக்காவில் முதன்முதலில் எழுப்பப்பட்ட மண்டபம், 1928-ஆம் ஆண்டில், இக்கவுண்டியிலுள்ள கிம்பல் என்னும் சிற்றூரில்தான் கட்டப்பட்டது. 

அக்காலத்து வாழ்க்கை முறையை அறிந்துகொண்டால்தான் இன்றைய தேவைகளின் தன்மை புலப்படும். வீடு கம்பெனியுடையது, பண்டசாலை கம்பெனியுடையது, வைத்தியர் கம்பெனி ஏற்பாடு செய்தவர், கூலியின் ஒரு பகுதி கம்பெனிக் கடையில் மட்டுமே செல்லுபடியாகும் வில்லைகளாக வழங்கப்பட்டது, வீட்டுக்கு வரும் தண்ணீரும் கம்பெனி புதைத்த குழாயில் வந்தது. தொழிற்சங்கம் அமைக்க முயன்றவர்கள் கொடிய எதிர்ப்பைச் சந்தித்தார்கள். சுரங்கத் தொழிலாளரின் பக்கம் நின்ற போலீஸ் அதிகாரி சிட் ஹாட்பீல்டு, 1921-ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் தேதியன்று, வெல்ச் நீதிமன்றத்தின் படிக்கட்டிலேயே, பட்டப்பகலில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்து சில ஆண்டுகளுக்குள் நிலைமை தலைகீழாயிற்று. நூறு பேர் வெட்டிய நிலக்கரியைச் சிலரே வெட்டி எடுப்பதற்கான யந்திரங்கள் சுரங்கத்துக்குள் இறங்கின. ரயில்கள் டீசலுக்கு மாறின. வீடுகளில் கணப்புக்கு எரிவாயு வந்தது. வேலை இழந்தவர்கள் டெட்ராய்ட், கிளீவ்லாந்து போன்ற தொழில் நகரங்களை நோக்கிக் குடும்பத்தோடு புறப்பட்டார்கள். 1960-ஆம் ஆண்டுக்குள் ஜனத்தொகை 71,359 ஆகக் குறைந்தது, 1970-இல் 50,666. கேரி என்னும் ஊரையே உண்டாக்கி ஆண்டுவந்த யு.எஸ். ஸ்டீல் கம்பெனி 1980-களில் தன் சுரங்கங்களை மூடிக்கொண்டு வெளியேறிய அந்தப் பத்தாண்டில் மட்டும் மேலும் பதினாலாயிரத்துக்கு மேற்பட்டோர் ஊரை விட்டுச் சென்றனர். போகத்தக்க வயதும் வலிவும் உள்ளவர்கள் போனார்கள். முதியவர்களும், சுரங்கத் தூசியால் நுரையீரல் கெட்டவர்களும், அவர்களைப் பராமரிக்கத் தங்கியவர்களும், பெற்ற மண்ணை விட்டுப் பிரிய மனம் இசையாதவர்களும் தங்கினார்கள்.

சீட்டு வாங்கவும் காசு வேண்டும்

1960-ஆம் ஆண்டு ஜனாதிபதித் தேர்தலுக்காக ஜான் கென்னடி மேற்கு வர்ஜீனியாவில் சுற்றுப் பிரயாணம் செய்தபோது கண்ட காட்சிகள் அவருடைய மனத்தில் ஆழமாகப் பதிந்தன. பள்ளிக்கூடத்தில் கிடைக்கும் மதிய உணவில் ஒரு பகுதியை, வீட்டிலுள்ளவர்களுக்காகக் குழந்தைகள் எடுத்துச் செல்வதைத் தாம் கண்டதாக எதிர் வேட்பாளர் நிக்ஸனோடு நடத்திய முதல் தொலைக்காட்சி விவாதத்தில் அவர் நாடறியக் கூறினார். பதவியேற்ற மறுநாள், 1961 ஜனவரி 21-ஆம் தேதியன்று, அவர் பிறப்பித்த முதல் நிர்வாக உத்தரவு, ஏழைக் குடும்பங்களுக்கு வழங்கும் உபரி உணவுப் பொருள்களை அதிகப்படுத்துவதைப் பற்றியது. அதே ஆண்டு மே 29-ஆம் தேதியன்று வெல்ச் நகரில், பதின்மூன்று குழந்தைகளையுடைய வேலையற்ற சுரங்கத் தொழிலாளியின் குடும்பத்துக்கு, விவசாய மந்திரி ஆர்வில் பிரீமன் நேரில் வந்து உணவுச் சீட்டுகளை அளித்தார். இன்று அந்நாடு முழுவதிலும் கோடிக்கணக்கானோருக்கு ஆகாரமளிக்கும் உணவுச் சீட்டுத் திட்டம், எட்டுப் பிரதேசங்களில் பரீட்சார்த்தமாகத் தொடங்கியபோது, அவற்றுள் முதலாவது சீட்டு கிழிக்கப்பட்டது இங்கேதான்.

அந்தத் திட்டத்தில் ஓர் அம்சத்தை விசேஷமாகக் கவனிக்க வேண்டும். சீட்டுகள் இனாமாகக் கொடுக்கப்படவில்லை. குடும்பத்தின் வருமானத்துக்கேற்ப ஒரு தொகையை ரொக்கமாகச் செலுத்தினால், அதைவிட அதிக மதிப்புள்ள சீட்டுகள் கிடைக்கும். ஏழைகள் உணவுக்காக எப்படியும் ஏதோ ஒரு தொகையைச் செலவிடுவார்கள், அதைச் சீட்டுக்குச் செலுத்தட்டும் என்பது திட்டம் வகுத்தோரின் யுக்தி. தாளில் எழுதிப் பார்க்கும்போது அதில் குறை காண முடியாது. ஆனால் மாதத்தில் எந்த நாளிலும் கையில் மொத்தமாகக் காசு சேராத குடும்பம் எத்தனை உண்டு, இன்று கடனுக்கு வாங்கி அடுத்த வாரம் கடைக்காரருக்குக் கட்டும் குடும்பம் எத்தனை உண்டு என்பதை அவர்கள் விசாரிக்கவில்லை. மிகவும் ஏழ்மைப்பட்டவர்களே சீட்டு வாங்க இயலாமல் வெளியே நின்றார்கள். 1977-ஆம் ஆண்டுச் சட்டம் இந்த நிபந்தனையை ரத்துச் செய்தது. 1979 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தவுடனே, அந்த ஒரே மாதத்தில், பதினைந்து லட்சம் பேர் புதிதாகத் திட்டத்தில் சேர்ந்தனர். பதினேழு ஆண்டுகளுக்கு மேலாகப் பசித்தும் சீட்டில்லாதிருந்தவர்களின் அளவை ஒரே மாதத்துக் கணக்குப் புத்தகம் வெளிப்படுத்திவிட்டது. தேவையை முன்கூட்டியே அவர்கள் வாயிலாகக் கேட்டறிந்திருந்தால், இத்தனை காலம் வீணாகியிராது என்பது என் திடமான அபிப்பிராயம்.

கோட்டின் கதை

வறுமையை அளப்பதற்கு அந்நாட்டார் கையாளும் கோல் எப்படி உண்டாயிற்று என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்தில் பணி புரிந்த மாலி ஆர்ஷான்ஸ்கி என்ற பெண்மணி, யூக்ரேனிலிருந்து குடியேறிய ஏழைப் பெற்றோருக்குப் பிறந்து, நியூயார்க்கின் பிரான்க்ஸ் பகுதியில் வளர்ந்து, தாயாருடன் நிவாரண உணவுக்காக வரிசையில் நின்ற அநுபவமும் உடையவர். விவசாய இலாகா தயாரித்திருந்த உணவுப் பட்டியல்களுள் மிக மலிவானதை அவர் எடுத்துக்கொண்டார். 1955-ஆம் ஆண்டு ஆய்வின்படி சராசரிக் குடும்பம் தன் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கை உணவுக்குச் செலவிட்டதாகையால், அந்த மலிவுப் பட்டியலின் விலையை மூன்றால் பெருக்கி, அதற்குக் குறைந்த வருமானமுள்ள குடும்பத்தை ஏழைக் குடும்பமெனக் கணித்தார். 1965-இல் வெளியான அவருடைய ஆய்வை அரசாங்கம் உடனே தன் உபயோகத்துக்கு எடுத்துக்கொண்டது. ஆனால் அந்த மலிவுப் பட்டியலோ, கையில் பணம் குறைந்திருக்கும் இக்கட்டான சமயங்களில் தற்காலிகமாக அநுசரிப்பதற்கென்றே இலாகாவினர் வகுத்தது. இந்த வருமானம் நிச்சயம் போதாது என்று காட்டுவதற்காக அவர் கண்ட அளவு, காலக்கிரமத்தில், இதற்கு மேல் ஒரு டாலர் வந்தாலும் போதுமானது என்று பொருள் கொள்ளப்பட்டுவிட்டது.

உணவின் செலவைக் கொண்டு வறுமையை அளக்கும் இந்த யோசனை அப்பெண்மணிக்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு முன்பே நம் தேசத்தவர் ஒருவருக்குத் தோன்றியது. கப்பலில் வேலையின்றி அமர்ந்து பிரயாணம் செய்யும் கூலிகளுக்கு அளிக்க வேண்டிய உணவின் அளவையும், சிறைக் கைதிகளுக்கு ஆகும் செலவையும் சர்க்கார் தஸ்தாவேஜுகளிலிருந்தே எடுத்துக் காட்டி, 1867-68-ஆம் ஆண்டு விலைவாசிப்படி, சாதாரண இந்தியப் பிரஜையின் வருமானம் அந்த அளவுக்குக்கூடப் போதவில்லை என்று தாதாபாய் நௌரோஜி நிரூபித்தார். அவர் அந்தக் கணக்கோடு நின்றுவிடவில்லை. செல்வம் எங்கே போகிறது என்று அடுத்த கேள்வியையும் கேட்டார். வருஷந்தோறும் கடல் கடந்து செல்லும் தொகையைக் கணக்கிட்டார். வறுமையை அளந்தவர்களுள் அவருக்கு நான் கொடுக்கும் உயர்ந்த ஸ்தானத்துக்கு இதுவே காரணம்.

அமெரிக்கக் கோடு இன்றும் அந்தப் பழைய அஸ்திவாரத்தின் மேலேயே, விலைவாசிக்கேற்ப உயர்த்தப்பட்டு நிற்கிறது. நலத் திட்டங்களுக்காக 2025-ஆம் ஆண்டுக்கு வெளியிடப்பட்ட அளவின்படி, நால்வர் கொண்ட குடும்பத்துக்கு அது வருஷத்துக்கு 32,150 டாலர். அலாஸ்கா, ஹவாயி நீங்கலாக எல்லா மாநிலங்களுக்கும் இதுவே. வாடகை மிகுந்த பெருநகரத்துக்கும், வாடகை குறைவாயினும் வைத்தியரிடம் போக மலை கடந்து காரில் செல்ல வேண்டிய கிராமத்துக்கும் ஒரே தொகை. உணவுச் செலவு குடும்ப வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு வெகுவாகக் குறைந்து, வாடகையும் வைத்தியமும் குழந்தை பராமரிப்பும் போக்குவரத்தும் மேலோங்கிவிட்ட காலத்தில், 1955-ஆம் ஆண்டுச் சமையலறையை ஆதாரமாகக் கொண்ட கணக்கு இது.

மக்டவல் போன்ற இடங்களுக்கு மற்றொரு சங்கடமும் உண்டு. அமெரிக்கக் கணக்கெடுப்பு இலாகா, தன் பெரிய மாதிரி ஆய்விலிருந்து, 65,000 பேருக்குக் குறையாத பிரதேசங்களுக்கே வருஷாவருஷம் வருமானம், வறுமை முதலியவற்றின் மதிப்பீட்டை வெளியிடுகிறது. அதற்குக் குறைந்தவற்றுக்கு ஐந்தாண்டுகளின் சராசரிதான் கிடைக்கும், அதிலும் பிழை வரம்பு விரிந்திருக்கும். 1960-ஆம் ஆண்டு ஜனத்தொகையோடு இக்கவுண்டி இருந்திருந்தால் ஆண்டுதோறும் தன் நிலையைத் தெளிவாக அறிந்திருக்கும். மக்கள் போகப் போக, எஞ்சியவர்களைப் பற்றிய சித்திரமும் மங்குகிறது. ஒரு சுரங்கம் மூடப்பட்ட ஆண்டின் துயரம், அதற்கு முந்திய நல்ல ஆண்டுகளோடு கலந்து சராசரியாகி, தணிந்த தோற்றத்தோடு ஏட்டில் ஏறுகிறது. அளவு மீறிய துன்பம் உள்ள இடத்தில் அளவீடு பலவீனமாயிருக்கிறது. ஆகையால் இங்கே நேரில் சென்று கேட்பதற்கு மாற்று எதுவும் கிடையாது.

கேட்பவர் யார், கேட்கப்படுபவர் யார்

ஜனாதிபதி ஜான்ஸன் 1964 ஜனவரியில் வறுமையின் மீது யுத்தப் பிரகடனம் செய்து, அவ்வாண்டு ஆகஸ்டு 20-ஆம் தேதி பொருளாதார வாய்ப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அந்தச் சட்டத்தின் உயிர் நிலை என்று நான் கருதுவது, ஏழைகளுக்கான திட்டங்களை வகுப்பதிலும் நடத்துவதிலும் இயன்ற அளவு அதிகமாக ஏழைகளே பங்குகொள்ள வேண்டும் என்ற அதன் கொள்கை. பல மாற்றங்களுக்குப் பின்னும் அதன் ஒரு கூறு நிலைத்திருக்கிறது. முன்பு சொன்ன மானியத்தைப் பெறும் சமூகச் செயல் ஸ்தாபனத்தின் நிர்வாகக் குழுவில் மூன்றில் ஒரு பங்கினர் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு அலுவலர் அல்லது அவர்களுடைய பிரதிநிதிகள். குறைந்தது மூன்றில் ஒரு பங்கினர் ஏழை மக்கள் ஜனநாயக முறையில் தெரிந்தெடுத்த பிரதிநிதிகள். மற்றையோர் வர்த்தகம், சமயம், கல்வி முதலிய துறைகளைச் சேர்ந்தவர்கள். 2015-ஆம் ஆண்டில் மத்திய அரசாங்கம் வகுத்த விதிமுறைகளின்படி, தேவை அறிக்கையில் வயது, பால், இனம் ஆகியவற்றுக்கேற்பப் பிரித்த புள்ளி விவரம் இருக்க வேண்டும்; ஏழைகளிடமிருந்தே நேரில் திரட்டிய செய்திகள் இருக்க வேண்டும்; எண்களோடு வாய்மொழியும் இடம் பெற வேண்டும்; வறுமையின் நிலைமைகளோடு அதன் காரணங்களைப் பற்றிய முடிவுகளும் கூறப்பட வேண்டும்.

விதிகள் நல்ல விதிகளே. அவற்றை நிறைவேற்றும்போதுதான் கஷ்டம் தோன்றுகிறது. சிறிய ஸ்தாபனம், குறைந்த சிப்பந்திகள், கையிலுள்ள மானியத்துக்குள் முடிக்க வேண்டிய வேலை. ஆகவே, வினாத்தாள்கள் உதவி கேட்டு அலுவலகத்துக்கு வருகிறவர்களிடம் கொடுக்கப்படுகின்றன. கணினி வழியாகவும் கேட்கப்படுகின்றன. அலுவலகத்துக்கு வரும் சக்தியுள்ளவர்கள் பதில் சொல்கிறார்கள். 'ஹாலர்' என்று அவ்வூரார் வழங்கும் குறுகிய பள்ளத்தாக்கின் கடைசி வீட்டில், கார் பழுதாகி, கைத்தொலைபேசிக்கு அலை எட்டாமல், மகனையோ மகளையோ போதை மருந்துக்குப் பறிகொடுத்துப் பேரக் குழந்தைகளை வளர்த்துக்கொண்டிருக்கும் பாட்டி பதில் சொல்வதில்லை. 211 என்ற உதவித் தொலைபேசி எண்ணுக்கு வரும் வேண்டுகோள்களைத் தொகுத்துத் தேவைகளின் அளவைக் கண்டுவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். கேட்டால் கிடைக்கும் என்று நம்புகிறவர்கள் மட்டுமே கேட்பார்கள், பல முறை கேட்டு ஓய்ந்தவர்கள் கேட்பதில்லை.

வினாத்தாளின் அமைப்பே பதிலைத் தீர்மானித்துவிடுவதும் உண்டு. உணவு, வாடகை, மின் கட்டணம், வேலைப் பயிற்சி என்று ஸ்தாபனம் ஏற்கெனவே நடத்தும் பணிகளை வரிசையாக எழுதி, இவற்றுள் எது உங்களுக்கு அவசியம் என்று கேட்டால், இவற்றுள் ஒன்றே அவசியமென்று அறிக்கை முடியும். பல் என்ற ஒரு சொல் அந்தப் பட்டியலில் இருக்குமா? அறுபத்தைந்து வயது கடந்தவர்களுள் வாயில் ஒரு பல்லும் இல்லாதவர்களின் விகிதம் மிக அதிகமாயுள்ள மாநிலங்களில் மேற்கு வர்ஜீனியா ஒன்று. ஏழைகளுக்கான மருத்துவ உதவித் திட்டம், 2021-ஆம் ஆண்டு வரையில், வயது வந்தோர் விஷயத்தில் பெரும்பாலும் அவசர சிகிச்சைக்கே, அதாவது பல்லைப் பிடுங்குவதற்கே, பணம் கொடுத்துவந்தது. பல்லைக் காப்பாற்றுவதற்குக் கொடுக்கவில்லை. முன் பற்கள் போன ஒரு பெண் கடையிலோ ஹோட்டலிலோ மக்கள் எதிரில் நின்று செய்யும் வேலையை எப்படிப் பெறுவாள்? அவளுக்கு வேலைப் பயிற்சி தேவை என்று எழுதுவது சுலபம். அவளைக் கேட்டால் முதலில் வாயைத்தான் காட்டுவாள்.

சில சமயங்களில், கேட்ட பின்னர் பதில் எதிர்பாராத திசையிலிருந்து வருகிறது. அமெரிக்க ஆசிரியர் சம்மேளனம் 2011-ஆம் ஆண்டின் இறுதியில், இக்கவுண்டியின் பள்ளிக்கூடங்களை உயர்த்துவதற்காகப் பல ஸ்தாபனங்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு முயற்சியைத் தொடங்கியது. பள்ளிகளுக்குத் தேவையான ஆசிரியர்கள் ஏன் வருவதில்லை, வந்தவர்கள் ஏன் தங்குவதில்லை என்று ஆராய்ந்தபோது, அவர்கள் குடியிருக்கத்தக்க வீடே கவுண்டியில் இல்லை என்பது வெளிப்பட்டது. அதன் பயனாக வெல்ச் நகரின் நடுவே ஆசிரியர்களுக்கென்று புதிய அடுக்குக் குடியிருப்பு எழுந்தது. அந்நகரில் வெகு காலத்துக்குப் பிறகு எழும்பிய பெரிய கட்டடம் அது. கல்வித் தேவையைத் தேடிப் புறப்பட்டவர்கள் வீட்டைக் கட்ட வேண்டியதாயிற்று. நல்ல விசாரணை இப்படித்தான் தன் எல்லையைத் தானே கடந்து செல்லும்.

கேளாமல் இருப்பதே நல்லதாகும் உதாரணமும் இருக்கிறது. ஏழ்மை மிகுந்த பள்ளிகளில் விண்ணப்பம் எதுவுமின்றி எல்லாக் குழந்தைகளுக்கும் இலவச உணவளிக்கும் ஏற்பாடு, 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மேற்கு வர்ஜீனியா உள்ளிட்ட சில மாநிலங்களில் முதலில் அமுலாயிற்று. எவன் ஏழை என்று சக மாணவன் அறியும் அவமானம் அதனால் நீங்கியது. இதை நான் மனமாரப் போற்றுகிறேன். புள்ளி விவரக்காரர்கள் ஏழைப் பிள்ளைகளின் தொகையை அறிய நெடுநாள் நம்பியிருந்த விண்ணப்பக் கணக்கு அதனோடு போயிற்று. போனால் போகட்டும், குழந்தையின் மானத்தைவிடக் கணக்கு பெரிதல்ல.

தண்ணீரும் கடையும்

கம்பெனிகள் வெளியேறியபோது வீடுகளைக் குடியிருந்தவர்களுக்கு விற்றுவிட்டன. தண்ணீர்க் குழாய்களையும் தேக்கத் தொட்டிகளையும் பராமரிப்பதற்கு யாரும் முன்வரவில்லை. எண்பது, நூறு ஆண்டுகளுக்கு முன் புதைத்த குழாய்கள் துருவேறி உடைந்தன. கீஸ்டோன் என்னும் ஊரில், தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும் என்ற எச்சரிக்கை ஆண்டுக்கணக்கில் நீங்காமலே இருந்தது. மலைச் சரிவிலிருந்தும் கைவிட்ட சுரங்கத்திலிருந்தும் சாலையோரத்தில் கசிந்து வரும் நீரைக் குடங்களிலும் பிளாஸ்டிக் பாத்திரங்களிலும் பிடித்துச் செல்லும் வழக்கம் இன்றும் இருக்கிறது. பல வீடுகளின் சாக்கடை நேரே ஓடையில் விடப்படுகிறது. கவுண்டியின் பொதுச் சேவை வாரியம் ஒவ்வோர் ஊராக எடுத்துக்கொண்டு புதுக் குழாய் பதித்து வருகிறது. மெதுவான வேலை, வீட்டுக்கு வீடு தூரம் அதிகம், கட்டணம் செலுத்தக்கூடிய குடும்பங்களோ குறைந்துகொண்டே போகின்றன.

கிம்பலில் இருந்த வால்மார்ட் கடை 2016 ஜனவரியில் மூடப்பட்டது. அதே சமயத்தில் அந்தக் கம்பெனி அமெரிக்காவெங்கும் மூடிய 154 கடைகளில் அதுவும் ஒன்று. கம்பெனியின் பார்வையில் அது பட்டியலில் ஒரு வரி. கவுண்டிக்கோ வேலை கொடுத்த பெரிய ஸ்தாபனம் ஒன்று போயிற்று, வரி வருமானம் போயிற்று, புதிய காய்கறியும் மருந்தும் கிடைத்த இடம் போயிற்று, அங்கிருந்து ஏழைகளுக்கான உணவுக் களஞ்சியத்துக்கு வந்துகொண்டிருந்த உபரிப் பொருளும் நின்றது. இருந்த வரையில் சிறு கடைகளை நலியச் செய்ததும் அதுவே, போனபோது வெறுமையை விட்டுச் சென்றதும் அதுவே.

இவையெல்லாம் கூடி மனிதனின் ஆயுளில் வந்து முடிகின்றன. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் சுகாதார அளவீட்டு நிலையம் செய்த மதிப்பீட்டின்படி, 2010-ஆம் ஆண்டளவில் மக்டவலில் ஆண்களின் ஆயுள் எதிர்பார்ப்பு 64 ஆண்டு. தேசத் தலைநகரை ஒட்டிய பேர்பாக்ஸ் கவுண்டியில் 82 ஆண்டு. இரண்டுக்கும் இடையே ஒரு பகற்பொழுது காரில் கடக்கும் தூரம்தான். பதினெட்டு ஆண்டு வித்தியாசம் என்பது ஒரு பாட்டன் தன் பேரனைத் தோளில் தூக்கும் காலம் முழுவதும்.

நிலம் யாருடையது

தேவைகளை எண்ணுவோர் பெரும்பாலும் ஏழையின் வீட்டு வாசலிலேயே தம் வேலையைத் தொடங்கி அங்கேயே முடித்துவிடுகிறார்கள். இதற்கு விலக்காக அப்பலாச்சியாவில் ஓர் அரிய முயற்சி நடைபெற்றது. 1977-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் டக் நதிப் பள்ளத்தாக்கில் பெருவெள்ளம் வந்து ஆயிரக்கணக்கானோர் வீடிழந்தனர். மேட்டில் மறு குடியேற்றம் செய்ய நிலம் தேடினால், சுற்றிலும் மலை மலையாகக் கிடந்த நிலம் வெளியூர் நிலக்கரி, நிலக் கம்பெனிகளின் வசம் இருந்தது. அகதிகளுக்கு வீடு கட்ட அதில் இடம் பெறுவது அரிதாயிற்று. அப்போதுதான் மலைநாட்டுக் குடிமக்களும், ஜான் கவென்டா முதலிய அறிஞர்களும் ஒன்று சேர்ந்து, ஆறு மாநிலங்களில் எண்பது கவுண்டிகளின் நீதிமன்றங்களுக்குச் சென்று, வரிப் பதிவேடுகளைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, நிலமும் கனிமமும் யாருக்குச் சொந்தம், அதற்கு அவர்கள் செலுத்தும் வரி எவ்வளவு என்பதைத் தொகுத்தார்கள். 1981-இல் முடிந்து, 1983-இல் நூலாக வெளிவந்த அந்த ஆய்வு, இப்பிரதேசத்தின் நிலத்திலும் கனிமத்திலும் பெரும் பகுதி அங்கே வசிக்காதவர்களின் உடைமை என்பதையும், அவர்கள் கனிமத்துக்குச் செலுத்திய வரி வெகு சொற்பம் என்பதையும் ஐயத்துக்கிடமின்றி நிலைநாட்டியது.

நான் படித்தறிந்த தேவை விசாரணைகளுள் இதற்கே முதலிடம் கொடுப்பேன். ஆய்வு செய்தவர்களில் பலர் தொழில்முறை ஆராய்ச்சியாளர் அல்லர். அந்த மண்ணிலேயே பிறந்து, அதன் குறைகளை அநுபவித்தவர்கள். பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் இல்லை, குழாயில் நீர் இல்லை, வெள்ளத்துக்கு எட்டாத மனையில்லை என்று தனித்தனியே தோன்றிய குறைகள், சொற்ப வரியே கொடுக்கும் நிலம் என்ற ஒரே மூலத்திலிருந்து கிளைத்தவை என்பதை அவர்கள் கண்டார்கள். கவுண்டியின் பள்ளிக்கும் பிற பணிகளுக்கும் வேண்டிய பணத்தில் கணிசமான பகுதி நிலவரியிலிருந்து வர வேண்டும். நிலத்தின் செல்வமெல்லாம் ரயிலேறிப் போய்விட்டது. குடியிருப்போரிடம் வரி செலுத்த வருமானம் இல்லை. ஒவ்வொரு குறைக்கும் ஒவ்வொரு மானியம் கேட்டு விண்ணப்பம் எழுதும் ஸ்தாபனங்கள் இந்தத் தொடர்பை எழுதினால், மானியம் கொடுப்போர் அசௌகரியப்படுவார்கள் என்ற பயம் உண்டு. காரணங்களையும் கூறுக என்று விதி கட்டளையிடும்போது அந்தப் பயத்துக்கு இடமில்லை. கல்வியின்மை, போதைப் பழக்கம், வேலையின்மை என்று ஏழையின் மேனியிலேயே காரணங்களைத் தேடி எழுதி நிறுத்திவிடுகிற அறிக்கை, விதியின் எழுத்தை நிறைவேற்றுகிறதே ஒழிய அதன் கருத்தை நிறைவேற்றவில்லை.

2001-ஆம் ஆண்டு ஜூலையிலும், அடுத்த ஆண்டு மே மாதத்திலும் மக்டவலை வெள்ளம் தாக்கியது. 2025 பிப்ரவரி 15-ஆம் தேதி மறுபடியும் ஓடைகள் பெருகி, உயிர்களைக் கொண்டு சென்று, பாதைகளையும் பாலங்களையும் வீடுகளையும் அழித்தன. தண்ணீர்க் குழாய்கள் மீண்டும் உடைந்தன. இங்கே ஓடை, ரயில் பாதை, சாலை, வீடு ஆகிய நான்கும் பள்ளத்தாக்கின் அடியிலுள்ள ஒரே ஒடுங்கிய சமநிலத்தைப் பகிர்ந்துகொள்ள வேண்டியிருக்கிறது. நூறு ஆண்டுகளுக்கு முன் கம்பெனி வீடு கட்டின இடத்திலேயே மக்கள் இன்னமும் வசிக்கிறார்கள், ஏனெனில் வீடு அங்கேதான் விலைக்குக் கிடைத்தது. வெள்ள நிவாரணத்துக்கு விண்ணப்பிக்கும்போது வீடு தமக்குச் சொந்தம் என்பதற்கு ஆதாரம் கேட்கப்படுகிறது. பாட்டன் காலத்து வீட்டைப் பாகம் பிரிக்காமல் அநுபவித்துவரும் வாரிசுகளிடம் அது தெளிவாக இருப்பதில்லை.

அடுத்த மூன்றாண்டு அறிக்கைக்கான வினாக்கள் இனி எழுதப்படும். எத்தனை வீடுகள் சேதமாயின, எத்தனை குடும்பங்களுக்கு மெத்தையும் அடுப்பும் வேண்டும் என்பவை அதில் இடம்பெறும். இடம்பெறவும் வேண்டும், ஏனெனில் குளிரில் இருப்பவனுக்கு அடுப்பு இன்றே வேண்டும். அவற்றோடு, வெள்ள மட்டத்துக்கு மேலே குடியிருக்கத்தக்க நிலம் எவ்வளவு உண்டு, அது யார் பெயரில் இருக்கிறது, சென்ற ஆண்டு அதற்கு எவ்வளவு வரி செலுத்தப்பட்டது என்ற மூன்று வினாக்களையும் சேர்க்க வேண்டும் என்று நான் சொல்வேன். நிர்வாகக் குழுவில் ஏழைகளின் பிரதிநிதிகளாக அமர்ந்திருக்கும் மூன்றில் ஒரு பங்கினரே அவற்றை எழுப்ப உரிமையும் தகுதியும் உடையவர்கள். விடைகள் வெல்ச் நீதிமன்றத்தில், எந்தப் பிரஜையும் கேட்டுப் பார்க்கக்கூடிய பதிவேடுகளில் இருக்கின்றன. அவற்றை எடுத்துப் படிக்க இரண்டு மூன்று பேர் சில வாரங்கள் உட்கார வேண்டும், அவ்வளவே.